மலிவான தேயிலையைக் கடலில் கொட்டியது ஏன்?



அமெரிக்க விடுதலைப் போர் என்றதும், பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு காட்சிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளைத் தூக்கிக் கடலில் கொட்டினார்கள் என்பது அது. இங்கிலாந்து அரசு தேயிலைக்கு வரி போட்டது, விலை ஏறியது, மக்கள் பொங்கி எழுந்தார்கள் என்று நாமும் அதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். ஆனால் கணக்கைப் பார்த்தால் செய்தி நேர்மாறாக இருக்கிறது. 1773-ஆம் ஆண்டு கொட்டப்பட்ட அந்தத் தேயிலை, அதற்கு முன் விற்ற தேயிலையைவிட மலிவான சரக்கு. ராத்தல் ஏறத்தாழ 3 ஷில்லிங்குக்கு விற்றது 2 ஷில்லிங்குக்குக் கிடைக்க இருந்தது. கள்ளத்தனமாக வந்திறங்கிய டச்சுத் தேயிலையைவிடவும் ஒரு பென்னி குறைவு. (அன்றைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.)

சரக்கு மலிந்ததற்காக ஓர் ஊர் ஏன் கொதிக்க வேண்டும்? இதற்கு விடை அரசியல் தலைவர்களின் பேச்சில் இருப்பதைவிட அன்றைய கடைக்காரர்களின் பேரேட்டில் அதிகம் இருக்கிறது. மொத்த வியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரர்களும் நடுவில் நின்ற கதை இது. அவர்கள் தொடங்கி வைத்தார்கள். கடைசிவரை அது அவர்கள் கையில் இருக்கவில்லை.

கடனில் ஓடிய வியாபாரம்

அட்லாண்டிக் கடலோரம் இருந்த பதின்மூன்று குடியேற்றங்களும் இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்தன. 1651 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்த கப்பல் போக்குவரத்துச் சட்டங்கள் அவர்களுடைய வியாபாரத்துக்கு வேலி போட்டிருந்தன. புகையிலை போன்ற முக்கிய விளைபொருள்களை இங்கிலாந்துக்கோ அதன் ஆட்சிப் பகுதிகளுக்கோதான் அனுப்பலாம். ஐரோப்பாவில் எங்கே வாங்கிய சரக்கானாலும் பெரும்பாலும் இங்கிலாந்துத் துறைமுகத்தில் இறங்கி ஏறித்தான் அமெரிக்கா போக வேண்டும்.

துணி, ஆணி, கண்ணாடி, காகிதம் எல்லாம் லண்டனிலிருந்து வந்தன, பெரும்பாலும் கடனுக்கு. லண்டன் மொத்த வியாபாரி பாஸ்டன் அல்லது நியூயார்க் வியாபாரிக்குப் பொதுவாக ஓராண்டுத் தவணை கொடுப்பார். அவர் உள்ளூர்க் கடைக்காரருக்குக் கடன் கொடுப்பார். கடைக்காரர் விவசாயிக்குப் பற்று எழுதுவார். விவசாயி அறுவடைக்குப் பிறகு தானியமோ மரமோ கொண்டுவந்து போட்டுக் கணக்கைத் தீர்ப்பார். ஊரில் வெள்ளி நாணயம் அரிது. அந்தந்தக் குடியேற்ற அரசு அச்சிட்ட காகிதப் பணம் கைமாறிக்கொண்டிருந்தது. மேலே ஒருவர் பாக்கியைக் கேட்டு நெருக்கினால் கீழே கடைசி ஆள்வரை ஆட்டம் கண்டுவிடும் என்பதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இத்தனை வேலி இருந்தும் நூறாண்டுக்கு மேல் கலகம் வரவில்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தது, துறைமுகத்தில் இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். கரும்புப் பாகு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து மலிவாக வந்த பாகைக் காய்ச்சி, வடக்குக் குடியேற்றங்களில் ரம் சாராயம் வடித்தார்கள். அந்தப் பாகுக்கு 1733-இல் காலனுக்கு 6 பென்னி வரி போடப்பட்டது. அதை ஒழுங்காகக் கட்டினால் தொழில் நடக்காது. ஆகவே சுங்க அதிகாரி கையில் ஏதோ கொஞ்சம் வைத்துவிட்டுச் சரக்கை இறக்கிக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகள் இப்படியே ஓடியது. அந்த ரம்மில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவுக்குப் போய் அடிமைகளாக மாறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடியேற்றங்களில் ஐந்தில் ஒருவர் அடிமையாக இருந்த காலம் அது. உரிமை பேசிய பல வணிகர்களின் கணக்கில் இந்தப் பக்கமும் உண்டு.

வரி பாதியானது, எதிர்ப்பு இரட்டிப்பானது

1756 முதல் 1763 வரை இங்கிலாந்து பிரான்சுடன் உலகெங்கும் போரிட்டது. வென்றது, கனடா கைக்கு வந்தது. ஆனால் அரசின் கடன் சுமார் ஏழரைக் கோடி பவுண்டிலிருந்து சுமார் 13 கோடி பவுண்டாக உயர்ந்திருந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ பத்தாயிரம் படைவீரர்களை நிரந்தரமாக வைத்திருக்கவும் முடிவு செய்தார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை அமெரிக்கர்களே தரட்டும் என்றார் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில். லண்டனிலிருந்து பார்த்தால் இது நியாயமாகத்தான் தோன்றும்.

1764-இல் அவர் பாகு வரியை 6 பென்னியிலிருந்து 3 பென்னியாகக் குறைத்தார். குறைத்ததும்தான் கூக்குரல் எழுந்தது, ஏனென்றால் இம்முறை உண்மையிலேயே வசூலிக்கப் போகிறார்கள். ஒவ்வொரு சரக்குக்கும் பிணைப் பத்திரம், அனுமதிச் சீட்டு என்று காகிதங்கள் பெருகின. பிடிபட்ட சரக்கின் வழக்கை ஜூரி இல்லாத கடல் நீதிமன்றத்தில் நடத்தலாம். அதற்காக வடக்கே தொலைவில் உள்ள ஹாலிபாக்ஸில் ஒரு மன்றமும் அமைத்தார்கள். சரக்கு முறையானது என்று சரக்குக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். வழக்கில் ஜெயித்தாலும், அதிகாரி தகுந்த காரணத்தோடுதான் பிடித்தார் என்று நீதிபதி எழுதிவிட்டால் நஷ்டஈடு கேட்க வழியில்லை. அதே ஆண்டு இன்னொரு சட்டம், குடியேற்றங்கள் புதிதாக அச்சிடும் காகிதப் பணத்தைக் கடன் தீர்க்கச் சட்டப்படி செல்லும் பணமாக ஆக்கக் கூடாது என்று தடுத்தது. வரியைக் கறாராகக் கேட்ட நேரத்தில் கையிலிருந்த பணத்துக்கும் தட்டுப்பாடு வந்தது.

1765-இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், உரிமம், செய்தித்தாள், கப்பல் புறப்பாட்டுச் சீட்டு, சீட்டுக்கட்டு வரை முத்திரைத் தாளில் இருக்க வேண்டும். நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒருவர்கூட இல்லாத லண்டன் பாராளுமன்றம் எங்கள் பையில் எப்படிக் கை வைக்கலாம் என்ற கேள்வி அப்போதுதான் ஊரெங்கும் ஒலித்தது. தெருவில் கலவரம் நடந்தது. முத்திரைத் தாள் விற்க நியமிக்கப்பட்டவர்கள் பயந்து பதவி விலகினார்கள். ஆனால் சட்டத்தை வீழ்த்தியதில் பெரும் பங்கு வணிகர்களின் கையெழுத்துக்கு உண்டு. 1765 அக்டோபர் 31 அன்று நியூயார்க் வணிகர்கள் கூடி, சட்டம் நீங்கும்வரை இங்கிலாந்துச் சரக்குக்கு ஆர்டர் இல்லை என்று ஒப்பந்தம் செய்தார்கள். பிலடெல்பியாவும் பாஸ்டனும் பின்தொடர்ந்தன. அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய பாக்கி ஒருபுறம், நின்றுபோன ஆர்டர் மறுபுறம் என்று லண்டன், பிரிஸ்டல், லிவர்பூல் வணிகர்களே பாராளுமன்றத்தில் மனுப் போட்டார்கள். 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. கடன் வாங்கியவர் கையிலும் ஒரு பிடி உண்டு என்பதை அமெரிக்கர்கள் அன்று தெரிந்துகொண்டார்கள். ஆனால் ரத்தான அதே நாளில், அமெரிக்காவுக்கு எந்தச் சட்டமும் செய்ய எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டத்தையும் பாராளுமன்றம் நிறைவேற்றி வைத்தது.

லில்லியின் கடை வாசலில்

1767-இல் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கண்ணாடி, காகிதம், வர்ணம், ஈயம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதி வரி போட்டார். தேயிலைக்கு ராத்தலுக்கு 3 பென்னி. வணிகர்கள் மறுபடி கொள்முதல் மறுப்பு ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தார்கள். பலன் தெரிந்தது. நியூயார்க்குக்கு இங்கிலாந்திலிருந்து 1768-இல் போன சரக்கின் மதிப்பு 4,82,000 பவுண்டு. 1769-இல் அது 74,000 பவுண்டாகச் சரிந்தது.

இதை மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது அரைக் கதைதான். கிடங்கு நிறையச் சரக்கை வைத்திருந்த பெரிய வியாபாரிக்கு ஓராண்டு இறக்குமதி நின்றால் பழைய இருப்பு நல்ல விலைக்குத் தீரும். லண்டன் கடனும் ஏறாது. அவ்வப்போது வாங்கி அவ்வப்போது விற்கும் சிறு கடைக்காரருக்கு அலமாரி காலியாகிவிடும். பாஸ்டனில் ஜான் மெயின் என்ற பத்திரிகைக்காரர் 1769-இல் கப்பல் சரக்குப் பட்டியல்களையே எடுத்து அச்சிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயரிலேயே சரக்கு வந்திறங்குவதைக் காட்டினார். அவர் குறி வைத்தவர்களில் பெரும் செல்வரான ஜான் ஹான்காக்கும் ஒருவர். மெயினைத் தெருவில் கூட்டம் சூழ்ந்தது. அவர் ஊரை விட்டே ஓட நேர்ந்தது.

தியாஃபிலஸ் லில்லி என்ற பாஸ்டன் கடைக்காரர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட மறுத்தார். 1770 தொடக்கத்தில் அவர் பத்திரிகையில் தம் நியாயத்தை எழுதினார். எங்கள் சம்மதமில்லாமல் சட்டம் போடுகிறார்கள் என்று முழங்குகிறவர்களே என் சம்மதமில்லாமல் என்மேல் சட்டம் போடுகிறார்களே, இது என்ன நீதி என்பது அவர் கேள்வியின் சாரம். பிப்ரவரி 22 அன்று அவர் கடையைச் சுட்டிக் காட்டும் பலகை ஒன்றைச் சிறுவர் கூட்டம் நட்டது. பக்கத்தில் குடியிருந்த, சுங்கத்துக்குத் துப்புக் கொடுப்பவர் என்று பேர் வாங்கிய ரிச்சர்ட்சன் அதைப் பிடுங்க முயன்றார். கூட்டம் அவர் வீட்டின்மேல் கல்லெறிந்தது. அவர் துப்பாக்கியால் சுட்டதில் கிறிஸ்டோபர் சீடர் என்ற பதினொரு வயதுச் சிறுவன் இறந்தான். சவ ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். பதினொரு நாள் கழித்து, மார்ச் 5 அன்று, அதே ஊரில் படைவீரர்கள் கூட்டத்தின்மேல் சுட்டு ஐந்து பேர் இறந்தனர். வரலாற்றுப் புத்தகங்கள் பெரிதாக எழுதுவது இந்த இரண்டாவது நிகழ்ச்சியைத்தான். முதல் சாவு ஒரு கடைக்கு அருகே, வியாபாரக் கட்டுப்பாட்டின் பேரில் நடந்தது. லில்லி கேட்ட கேள்விக்கு அன்று யாரும் நேரான பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

அதே மார்ச் 5 அன்று, பாஸ்டன் செய்தி எதுவும் தெரியாமல், லண்டனில் பிரதமர் நார்த் பிரபு வரிகளை நீக்கப் பாராளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார், தேயிலை வரியை மட்டும் விட்டுவிட்டு. எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது என்று காட்ட ஒரு வரி மீதி இருக்கட்டும் என்பது எண்ணம். ஒப்பந்தங்கள் கலைந்தன, வியாபாரம் மறுபடி சூடு பிடித்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் பாஸ்டனில் வரி கட்டிய தேயிலை தாராளமாக இறங்கியது. வேறு துறைமுகங்களில் டச்சுச் சரக்கு கள்ளத்தனமாக வந்தது. யாரும் யாரையும் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை.

இடையில் நின்றவர்களை நீக்கிய சட்டம்

அப்படியானால் 1773-இல் என்ன மாறியது? மாறியது விற்பனை வழி.

அன்றைய தேயிலை சீனாவின் கான்டன் துறைமுகத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் லண்டன் வரும். கம்பெனி அதை ஏலத்தில்தான் விற்க வேண்டும். ஏலத்தில் எடுத்த லண்டன் மொத்த வியாபாரி அமெரிக்க இறக்குமதியாளருக்கு அனுப்புவார். அவர் கடைக்காரருக்குக் கொடுப்பார். ஒவ்வொரு படியிலும் ஒரு குடும்பம் பிழைத்தது.

கம்பெனியோ திவாலாகும் நிலையில் இருந்தது. வங்காளத்தில் 1770-ஐ ஒட்டி வந்த கொடும் பஞ்சம் வருமானத்தை அரித்தது. தெற்கே ஹைதர் அலி 1769-இல் சென்னையின் வாசல்வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தார். அந்தப் போரின் செய்தி எட்டியபோது லண்டனில் கம்பெனிப் பங்குகள் விழுந்தன. 1772-இல் லண்டன் வங்கிகள் சில கவிழ்ந்து கடன் சந்தை இறுகியது. பன்னிரண்டரை சதவீத லாப ஈவைக் கம்பெனி ஆறு சதவீதமாக வெட்டியது. கிடங்கில் ஒன்றே முக்கால் கோடி ராத்தல் அளவில் தேயிலை தேங்கிக் கிடந்தது. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்ததோடு, தேயிலையைத் தள்ளிவிடவும் வழி செய்தது.

1773 மே மாதத்துத் தேயிலைச் சட்டப்படி, இங்கிலாந்தில் கட்டிய வரி முழுவதும் கம்பெனிக்குத் திரும்பக் கிடைக்கும். ஏலம் வேண்டாம், கம்பெனியே நேராக அமெரிக்காவுக்கு அனுப்பித் தன் ஏஜெண்டுகள் மூலம் விற்கலாம். அமெரிக்காவில் கட்ட வேண்டிய 3 பென்னி மட்டும் அப்படியே இருக்கும். இதனால்தான் விலை குறைந்தது. ஆக, லண்டன் மொத்த வியாபாரி போனார். அமெரிக்க இறக்குமதியாளரும் போனார்.

ஊருக்குச் சிலரே ஏஜெண்டுகளாக நியமிக்கப்பட்டார்கள். பாஸ்டனில் ஏஜென்சி பெற்றவர்களில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள். இத்தனை காலம் வரி கட்டி நேர்மையாகத் தேயிலை விற்றவருக்கும் சரக்கு இல்லை. டச்சுச் சரக்கைக் கடத்தியவருக்கும் வியாபாரம் இல்லை. எதிரும் புதிருமாக இருந்த இருவரையும் ஒரே அணியில் நிறுத்திய பெருமை இந்தச் சட்டத்தைச் சேரும். இன்று தேயிலை, நாளை பட்டு, மசாலா, துணி எல்லாவற்றையும் கம்பெனியே நேராகக் கொண்டுவந்து விற்றால் நம் கதி என்ன என்று நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் எழுதினார்கள். கடத்தல்காரர்கள் தூண்டிய கலகம்தான் இது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பங்கு இருந்தது உண்மை. ஆனால் கடத்தலோடு தொடர்பில்லாத பல்லாயிரம் பேர் ஏன் சேர்ந்தார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை. மலிவு விலைக்கு ஆசைப்பட்டு வாங்கினால் அந்த 3 பென்னியையும், அதைப் போட்ட அதிகாரத்தையும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

நான்கு துறைமுகங்களுக்கு ஏழு கப்பல்கள் கிளம்பின. பாஸ்டனுக்கு முதலில் வந்த டார்ட்மவுத் கப்பல் நவம்பர் 28 அன்று சேர்ந்தது. இருபது நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சரக்கைச் சுங்கம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கப்பலின் பங்குதாரர் பிரான்சிஸ் ராட்ச் என்ற இளைஞர். தேயிலையை இறக்க ஊர் விடாது. இறக்காமல் திரும்பச் சுங்கச் சீட்டுக் கிடைக்காது. சீட்டில்லாமல் கிளம்பினால் கோட்டைப் பீரங்கி சுடும். டிசம்பர் 16 அன்று சுமார் ஐயாயிரம் பேர் கூட்டத்தில் காத்திருக்க, அவர் ஆளுநரின் வீட்டுக்குப் போய் அனுமதி கேட்டு வெறுங்கையோடு திரும்பினார். அன்றிரவு செவ்விந்தியர் வேடமிட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறி, ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். சுமார் 92,000 ராத்தல், அதாவது 40 டன்னுக்கு மேல். கம்பெனி போட்ட கணக்கு 9,659 பவுண்டு. மற்றச் சரக்கைத் தொடவில்லை. தேயிலையைச் சட்டைக்குள் திணித்துக்கொண்ட ஒருவரைப் பிடித்து உதைத்து அனுப்பினார்கள்.

பேரேட்டைப் பார்க்க வந்த குழு

இங்கிலாந்து 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. தேயிலைக்கு விலை கட்டும்வரை திறக்காது என்றது. கட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்போம் என்று சொன்ன வணிகர்கள் பலர் இருந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. தென் கரோலினாவிலிருந்து அரிசியும் கனெக்டிகட்டிலிருந்து ஆடுகளும் பாஸ்டனுக்கு வந்தன. செப்டம்பரில் பன்னிரண்டு குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடி, அக்டோபர் 20 அன்று எல்லோருக்கும் பொதுவான வணிக மறுப்பு ஒப்பந்தத்தை ஏற்றார்கள். டிசம்பர் 1 முதல் இங்கிலாந்துச் சரக்கு வராது. ஏற்றுமதியை மட்டும் 1775 செப்டம்பர் வரை தள்ளி வைத்தார்கள், கைவசமிருந்த புகையிலையை விற்று லண்டன், கிளாஸ்கோ கடனை அடைக்க வர்ஜீனியாக்காரர்களுக்கு அவகாசம் வேண்டுமே.

இந்த ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு நம்மவர் படிக்க வேண்டிய ஒன்று. தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி யாரும் விலை ஏற்றக் கூடாது. கடந்த பன்னிரண்டு மாதம் விற்ற விலைக்கே விற்க வேண்டும். மீறும் கடையோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது. ஊருக்கு ஊர் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். மீறியவர் பெயரைப் பத்திரிகையில் போட்டார்கள். வணிகரின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த குழுக்களும் உண்டு. சுங்க அதிகாரி வந்து கிடங்கைத் திறக்கச் சொன்னதை எதிர்த்துத் தொடங்கிய இயக்கம், இப்போது தானே கதவைத் தட்டியது. அன்னபோலிஸில் ஆந்தனி ஸ்டூவர்ட் என்ற வணிகர், தம் கப்பலில் வந்த ஆட்களை இறக்குவதற்காக அதிலிருந்த ஒரு டன் அளவு தேயிலைக்கு வரியைக் கட்டிவிட்டார். கூட்டம் திரண்டது. அவர் கையாலேயே தம் கப்பலுக்குத் தீ வைக்க நேர்ந்தது.

1775-இல் இங்கிலாந்துச் சரக்கு வரத்து முந்தைய ஆண்டின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஆனால் இம்முறை லண்டன் இறங்கி வரவில்லை. ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. 1776 ஜூலை 4 அன்று சுதந்திரப் பிரகடனம். போர்க்காலத்தில் காகிதப் பணம் மதிப்பிழந்து பண்டம் பதுங்கியபோது, கோபம் கடைகளின்மேல் திரும்பியது. 1777-இல் பாஸ்டனில் தாமஸ் பாயில்ஸ்டன் என்ற பெரும் வணிகர் காப்பிக் கொட்டையைக் குறைந்த விலைக்கு விற்க மறுத்தார். நூறு பெண்களுக்கு மேல் வண்டியோடு போய் அவர் கழுத்தைப் பிடித்துச் சாவியை வாங்கி, காப்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆண்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த 3 பென்னி தேயிலை வரியை 1778-இல் பாராளுமன்றம் நீக்கியது. அதற்குள் பிரான்ஸ் அமெரிக்காவுடன் கைகோத்திருந்தது. நீக்கியதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1783-இல் சமாதானம் ஆனது. மறு ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து ஓர் அமெரிக்கக் கப்பல், ஏலமும் கம்பெனியும் இல்லாமல் தேயிலையைத் தானே கொள்முதல் செய்யக் கான்டனுக்குக் கிளம்பியது. அதே 1784 டிசம்பரில் பிலடெல்பியாவின் 'யுனைட்டெட் ஸ்டேட்ஸ்' என்ற கப்பல் புதுச்சேரிக் கடலில் வந்து நங்கூரம் போட்டது. இந்தியக் கரைக்கு வியாபாரத்துக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் அதுதான்.